‘புரிஞ்சுதா?’ என்று கேட்காதீர்கள்

பள்ளி ஆசிரியருக்காவது பி.எட். என்று ஒன்று இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் ஆய்வேட்டை முடித்த கையோடு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போய்விடுகிறார். எப்படி நடத்துவது என்பதற்கு அவர் பார்த்த ஒரே மாதிரி, தனக்கு நடத்தியவர்கள்தான். இந்த இதழில் கல்லூரி வகுப்பறை பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு, 64 பேர். நடத்தி முடித்ததும் ‘புரிஞ்சுதா?’ என்பேன். ‘புரிஞ்சுது சார்’ என்று கோரஸாகச் சொல்வார்கள். இன்டர்னலில் அதையே கொஞ்சம் மாற்றிக் கேட்டால் வெற்றுத்தாள். எங்கே பிசகுகிறது?
— உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

அந்தக் கேள்வியில்தான் பிசகு. ‘புரிஞ்சுது’ என்று சொல்ல ஒன்றும் செலவில்லை. ‘புரியலை’ என்று சொல்ல 63 பேர் முன்னால் எழுந்து நிற்க வேண்டும். தவிர, அவர்கள் பொய்யும் சொல்வதில்லை. தெளிவான விளக்கத்தைக் கேட்கும்போது நமக்கே தெரிந்துவிட்டதுபோல் இருக்கும். அடுத்தவர் சைக்கிள் ஓட்டுவதைப் பார்க்கும்போதும் அப்படித்தான் இருக்கும்.

தப்பாகப் பதில் சொல்ல வாய்ப்புள்ள கேள்வியைக் கேளுங்கள். ஹார்வர்டில் எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட முறை இதற்குப் பொருந்தும். உங்கள் பாடத்திலிருந்தே ஓர் உதாரணம். பந்தை நேர்மேலே எறிகிறோம்; உச்சியில் ஒரு கணம் நிற்கிறது; காற்றுத்தடையை விட்டுவிடலாம். அந்தக் கணத்தில் பந்தின்மேல் செயல்படும் விசை: (அ) ஏதுமில்லை, (ஆ) மேல்நோக்கி, (இ) கீழ்நோக்கி, (ஈ) மேலும் கீழும் சமமாக.

கேள்வியைப் போர்டில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருக்கட்டும். விடையை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் நெஞ்சோடு ஒட்டி விரல் காட்டட்டும்: ‘அ’வுக்கு ஒரு விரல், ‘ஆ’வுக்கு இரண்டு. கையைத் தூக்கச் சொன்னால் முதல் பெஞ்ச் டாப்பரின் கை எப்போது எழுகிறது என்று வகுப்பே பார்க்கும். ஒரு ஏ4 தாளை நான்காக மடித்து, மடிப்புக்கொரு எழுத்தைப் பெரிதாக எழுதி வைத்துக்கொண்டாலும் போதும். செல்போன் செயலியும் உண்டு. ஆனால் 64 பேர் இணைப்புக்குத் தடவி முடிப்பதற்குள் ஐந்து நிமிடம் போய்விடும்.

இப்போது விரல்களைக் கண்ணால் எண்ணுங்கள். சரியான விடை சொன்னவர்கள் 30 சதவீதத்துக்கும் 70 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் (உங்கள் வகுப்பில் ஏறக்குறைய 20 பேரிலிருந்து 45 பேர்வரை) ‘வேறு விடை போட்டவரைப் பிடித்து, உன் விடைதான் சரி என்று ஒப்புக்கொள்ள வை’ என்று இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். இரைச்சலாக இருக்கும், இருக்கட்டும். மறுபடி விரல். அதன் பிறகுதான் உங்கள் விளக்கம். 30-க்குக் கீழே போனால் விவாதத்துக்கு விடாதீர்கள், தப்பைத்தான் பரிமாறிக்கொள்வார்கள். ஒரு குறிப்புக் கொடுத்துவிட்டு மறுபடி கேளுங்கள். 70-க்கு மேல் என்றால் ஒரு வரி சொல்லிவிட்டு நகரலாம். மொத்தம் ஏழெட்டு நிமிடம் பிடிக்கும். 50 நிமிட வகுப்பில் இரண்டு கேள்விக்கு மேல் திணிக்க வேண்டாம்.

இது சொதப்பும் இடங்கள் எல்லா வகுப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் விரலெண்ணிக்கையை ‘பெரும்பாலோர் அ போட்டிருக்கிறீர்கள்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது முதலாவது. கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். நோட்டில் எழுதவிடாமல் நேராகப் பேசவிடுவது இரண்டாவது. சத்தமாகப் பேசுகிறவரின் விடை எல்லோருடைய விடையாகிவிடும். ‘நியூட்டனின் இரண்டாம் விதி எது?’ என்பது போன்ற மனப்பாடக் கேள்வியைப் போடுவது மூன்றாவது. அதில் விவாதிக்க என்ன இருக்கிறது? கடைசியில் ‘இ’தான் சரி, உச்சியில் திசைவேகம் பூச்சியமே தவிர புவியீர்ப்பு ஓய்வெடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவது நான்காவது. ‘அ போட்டவர் என்ன நினைத்துப் போட்டிருப்பார்?’ என்றும் கேளுங்கள். மூன்றாம் ஆளைப் பற்றிக் கேட்பதால் யாருக்கும் கூச்சமில்லை. விசையையும் திசைவேகத்தையும் ஒன்றாகக் குழப்பியது அங்கேதான் வெளியே வரும்.

‘குருடர் குருடருக்கு வழிகாட்டும் கதைதானே?’ என்று நீங்கள் கேட்கலாம். கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். விவாதத்துக்குப் பின் அதே கருத்தில் வேறொரு கேள்வியைத் தனித்தனியே போடச் சொன்னபோது, முதலில் யாருக்குமே விடை தெரியாத குழுக்களில்கூடச் சரியான விடைகள் கூடின. இயற்பியலில் ரிச்சர்ட் ஹேக் 1998-ல் 62 பாடவகுப்புகளை, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை ஒப்பிட்டார். பாடம் தொடங்கும்முன் தெரியாதிருந்ததில் எவ்வளவு பங்கு, முடிந்தபின் தெரிந்தது என்பதுதான் அவருடைய அளவை. விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் அது சராசரி 0.23, மாணவர்களைச் செய்யவைத்த வகுப்புகளில் 0.48.

ஒரு சின்ன விஷயம். கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1970-களில் அமெரிக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளில் மேரி பட் ரோ எண்ணிப் பார்த்தார்: சராசரி ஒரு விநாடி. மூன்று விநாடிக்கு மேல் காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். மனசுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும்.

கேள்வி: ‘படிப்பதில் 10 சதவீதம், கேட்பதில் 20, செய்வதில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்’ என்று ஒரு பயிற்சி முகாமில் முக்கோணப் படம் காட்டினார்கள். உண்மையா?
— கௌரவ விரிவுரையாளர், தருமபுரி

இல்லை. எட்கர் டேல் 1946-ல் ஒரு கூம்புப் படம் போட்டார். அதில் சதவீதமே கிடையாது. பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்த எண்கள் இவை. 10, 20, 30 என்று அவ்வளவு உருண்டையாக வரும்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ‘மாணவர் கவனம் பத்து நிமிடம்தான்’ என்பதும் இதே ரகம். உறுதியான ஆதாரம் கிடையாது.

கேள்வி: நீங்கள் சொல்கிற விரல், விவாதம் எல்லாம் சரி. ஐந்து யூனிட் போர்ஷனை யார் முடிப்பது? துறைத்தலைவர் கேட்பது ‘எந்த யூனிட்டில் இருக்கிறீர்கள்?’ என்ற ஒன்றைத்தான்.
— பொறியியல் கல்லூரி ஆசிரியை, கோயம்புத்தூர்

நியாயமான குறை. போர்ஷன் முடிகிற அளவுக்குள் எதைச் செய்யலாம் என்றே பார்ப்போம்.

ஆறே ஆறு நிமிடம் செலவாகும் ஒன்று இருக்கிறது. 1987-ல் ரூல், ஹியூஸ், ஷ்லாஸ் மூவரும் செய்து பார்த்தது. ஒரு விரிவுரைக்குள் மூன்று இடத்தில் இரண்டிரண்டு நிமிடம் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் மாணவர்கள் பக்கத்திலிருப்பவரோடு குறிப்பேட்டை ஒப்பிட்டார்கள். வேறெதுவும் மாறவில்லை. இடைவெளி விட்ட வகுப்பினர் உடனடி நினைவுகூரலிலும் பிறகு வைத்த தேர்விலும் மற்ற வகுப்பை முந்தினார்கள். உங்கள் வகுப்பில் 15-ஆவது, 30-ஆவது, 45-ஆவது நிமிடத்தில் நிறுத்துங்கள். ‘டவுட் இருக்கா?’ என்று கேட்காதீர்கள். ‘பக்கத்து நோட்டில் இருந்து உங்கள் நோட்டில் இல்லாதது எது?’ என்று கேளுங்கள்.

அடுத்து, வகுப்பில் எதைச் சொல்லாமல் விடலாம் என்று பாருங்கள். வரையறை, வகைகள், வரலாறு, நன்மை தீமைகள்: இவை பாடநூலில் அப்படியே இருக்கின்றன. இவற்றைப் போர்டில் எழுதிப்போட்டு, மாணவர் நகலெடுக்கும் நேரம் எவ்வளவு என்று ஒரு வகுப்பில் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். அந்தப் பக்கங்களை முதல் நாளே படித்துவரச் சொல்லி, மூன்று கேள்விகள் கொடுத்துவிடுங்கள். வகுப்பின் முதல் நான்கு நிமிடத்தில் அந்த மூன்றில் ஒன்றை எழுதி வாங்குங்கள். படிக்காமல் வந்தவருக்காக அந்தப் பகுதியை மறுபடி நடத்தக் கூடாது. நடத்தினீர்களோ, அடுத்த வாரத்திலிருந்து யாரும் படித்து வரமாட்டார்கள். இந்த ஏற்பாடு கவிழ்வது பெரும்பாலும் அந்த இரக்கத்தில்தான்.

ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் 2014-ல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர் பங்கெடுத்த வகுப்புகளில் 21.8. உங்கள் துறைத்தலைவரிடம் பேசும்போது இந்த எண்ணையே சொல்லுங்கள். ஐந்து யூனிட்டையும் முடித்தது ஆசிரியர். அரியர் எழுதப்போவது மாணவர்.

கேள்வி: இரண்டு மாதமாக வகுப்பில் செயல்பாடுகள் செய்கிறேன். ஃபீட்பேக் படிவத்தில் ‘மேடம் நடத்துவதே இல்லை, எங்களையே செய்யச் சொல்கிறார்’ என்று எழுதியிருக்கிறார்கள். விட்டுவிடலாமா?
— உதவிப் பேராசிரியை, வேதியியல், மதுரை

விடாதீர்கள். ஆனால் அந்தக் குறையை அலட்சியமும் செய்யாதீர்கள். ஹார்வர்டு இயற்பியல் துறை 2019-ல் வெளியிட்ட ஆய்வு உங்கள் படிவத்தைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும். மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாடப்பொருள் ஒன்று, கைத்தாள் ஒன்று. ஒரு பிரிவுக்கு அருமையான விரிவுரை. மறுபிரிவு தானே கணக்குப் போட்டுத் திணறியது. தேர்வில் திணறியவர்கள் அதிகம் வாங்கினார்கள். ‘எவ்வளவு கற்றீர்கள்?’ என்ற கேள்விக்கோ, விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். திணறலைத் தோல்வி என்று நினைத்துக்கொள்கிறோம். கற்கும்போது மூளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஆகவே சொல்லிவிடுங்கள், அதுவும் முதல் வாரத்திலேயே. இந்த ஆய்வையே இருபது நிமிடம் எடுத்துச் சொல்லலாம். முதல் மாதத்துக்குள் ஒரு சிறு தேர்வு வைத்து, வகுப்பில் கையால் செய்த பகுதியில் எவ்வளவு, கேட்டு மட்டும் போன பகுதியில் எவ்வளவு என்று அவர்கள் மதிப்பெண்ணை அவர்களுக்கே காட்டுங்கள். இன்னொன்று: ஒவ்வொரு செயல்பாட்டின் முடிவிலும் இரண்டு நிமிடம் நீங்களே தொகுத்துச் சொல்லி, போர்டில் மூன்று வரி எழுதுங்கள். ‘நடத்தவில்லை’ என்ற புகார் பல நேரம் ‘கடைசியில் எது சரி என்று தெரியாமல் வெளியே வந்தோம்’ என்பதுதான். அப்படியானால் அந்தக் குறை உண்மை.

கேள்வி: நான் முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகப்போகிறவன். நோட்ஸை நாலு தடவை, ஐந்து தடவை படிக்கிறேன். அன்றைக்கு எல்லாம் தெரிகிறது. பரீட்சையில் வரமாட்டேன் என்கிறது. ஞாபகசக்தி குறைவா?
— பி.ஏ. பொருளியல் மாணவர், அரசு கலைக் கல்லூரி

ஞாபகசக்தியில் குறையில்லை தம்பி. முறைதான் ஏமாற்றுகிறது. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு உரைப்பகுதியைக் கொடுத்தார்கள். ஒரு சாரார் நான்கு முறை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 71. உங்கள் ‘அன்றைக்கு எல்லாம் தெரிகிறது’ என்பது இந்த 83-தான். ஒரு வாரம் கழித்து? படித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61.

ஆக, ஒரு முறை கவனமாகப் படியுங்கள். நோட்டை மூடுங்கள். வெள்ளைத்தாளில் ஞாபகம் வருவதை எல்லாம் எழுதுங்கள், வரிசை முக்கியமில்லை. பிறகு நோட்டைத் திறந்து, விட்டுப்போனதை மட்டும் வேறு நிற மையில் சேருங்கள். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் மறுபடி எழுதிப் பாருங்கள். வேறு நிற மை நாளுக்கு நாள் குறையும். முதல் இரண்டு தடவை ‘ஒண்ணுமே வரலையே’ என்று தோன்றும், அங்கே விட்டுவிடாதீர்கள். நோட்டைத் திறந்து சரிபார்ப்பதையும் விட்டுவிடாதீர்கள். தப்பாக எழுதினால் அந்தத் தப்பே மனதில் தங்கிவிடும்.

ஆசிரியர்கள் இதை மாணவர் பொறுப்பு என்று தள்ளிவிட முடியாது. வாரம் ஒரு பத்து நிமிடத் தேர்வு வையுங்கள், ஆறு கேள்வி. மூன்று போன வாரப் பாடம், இரண்டு போன மாதப் பாடம், ஒன்று முதல் யூனிட். இந்தக் கலவைதான் உயிர்; போன வாரப் பாடத்தை மட்டும் கேட்டால் அது எழுதியதும் மறந்துபோகும். 60 தாளைத் திருத்த வேண்டாம். தாளைப் பின் வரிசையோடு மாற்றி, விடையைப் போர்டில் போட்டு, அங்கேயே திருத்தவைத்து வாங்கிக்கொள்ளுங்கள். செமஸ்டருக்கு 12 தேர்வு என்றால் சிறந்த 10-ஐ மட்டும் எடுங்கள். ஊருக்குப் போனவர், காய்ச்சலில் படுத்தவர் பஞ்சாயத்து வராது. மொத்தமே ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் வைக்காதீர்கள். கூடுதலாக வைத்தால் படிப்பை விட்டு காப்பியடிப்பதில் கவனம் போகும்.

கணக்கு, புள்ளியியல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அத்தியாயம் முடிந்ததும் அந்த அத்தியாயக் கணக்கையே இருபது போடவைக்கிறோம். எந்த முறை என்று தேர்ந்தெடுக்கும் வேலையே அங்கு இல்லை, தலைப்பே சொல்லிவிடுகிறது. ரோரரும் டெய்லரும் 2007-ல் கல்லூரி மாணவர்களிடம் கன அளவுக் கணக்குகளில் இதைப் பார்த்தார்கள். வகை வகையாகப் போட்டவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்துத் தேர்வில் முன்னவர்கள் 20, பின்னவர்கள் 63. புள்ளியியலில் இப்படிச் செய்யலாம்: பத்துச் சூழல்களைத் தாளில் கொடுங்கள். ‘முப்பது பேரின் ரத்த அழுத்தம், மருந்துக்கு முன்னும் பின்னும்.’ ‘கிராமத்தார், நகரத்தார், காபியா, டீயா.’ ‘ஆண்கள் 40, பெண்கள் 40, சராசரி மதிப்பெண்.’ ‘உயரமும் எடையும்.’ கணக்குப் போட வேண்டாம். எதற்கு எந்த முறை, பெயர்டு டி-டெஸ்டா, கை-ஸ்கொயரா, சாதா டி-டெஸ்டா, கோரிலேஷனா, ஏன் என்று ஒரு வரி மட்டும். எட்டு நிமிடம். செமஸ்டர் தேர்வில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்தத் தேர்வுசெய்யும் இடத்தில்தான்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மாணவர்களைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரித்துப் பட்டியல் தரச் சொல்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?
— பெயர் வேண்டாம், சேலம்

பிரிக்க முடியாது. பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008-ல் இந்தக் கொள்கைக்கான ஆதாரங்களைத் துருவிப் பார்த்து, மாணவர் ‘பாணி’க்கு ஏற்றபடி நடத்தினால் அதிகம் கற்பார்கள் என்பதற்குத் தகுந்த சான்றில்லை என்றார்கள். இதயத்தின் அமைப்புக்குப் படம் எல்லோருக்கும் வேண்டும். உச்சரிப்புக்கு ஒலி எல்லோருக்கும் வேண்டும். பட்டியல் கேட்டால் பட்டியல் கொடுத்துத்தான் ஆகவேண்டும், அது வேறு விஷயம்.

கேள்வி: உயர்தரம்வரை தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகள் விஞ்ஞான பீடத்துக்கு வந்ததும் ஆங்கிலத்தில் விரிவுரை. நல்ல கெட்டிக்காரப் பிள்ளைகளும் வாயே திறப்பதில்லை. என்ன செய்யலாம்?
— விரிவுரையாளர், யாழ்ப்பாணம்

இது தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் அப்படியே இருக்கிறது. வாய் திறக்காதவரை ‘கூச்ச சுபாவம்’ என்று எழுதிவிடுகிறோம். அவர் அந்த நேரத்தில் இரண்டு வேலை செய்துகொண்டிருக்கிறார்: பௌதிகத்தை யோசிப்பது, அதை ஆங்கிலமாக்குவது. இரண்டும் முடிவதற்குள் நீங்கள் அடுத்த ஸ்லைடுக்குப் போயிருப்பீர்கள்.

யோசிப்பதற்கு ஒரு மொழி, எழுதி ஒப்படைப்பதற்கு ஒரு மொழி என்று பிரித்துவிடுங்கள். பக்கத்திலிருப்பவரோடு விவாதம் தமிழில். அது முடிந்ததும் மூன்று நிமிடம், இருவராகச் சேர்ந்து இரண்டே வாக்கியம் ஆங்கிலத்தில். அந்த இரண்டு வாக்கியத்தை ஒருவர் வாசிக்கலாம். தாளைப் பார்த்து வாசிப்பதில் பயமில்லை. முதல் மாதம் தொடக்க வரியை நீங்களே போர்டில் எழுதிக் கொடுங்கள்: ‘இது கூடுவதற்குக் காரணம்…’, ‘இரண்டுக்கும் வேறுபாடு…’ என்பவற்றின் ஆங்கில வடிவம். நாலு வாரம் கழித்து அந்தத் தொடக்கங்களை அழித்துவிடுங்கள்.

கலைச்சொற்களில் ஒரு பொறி உண்டு. உங்கள் பிள்ளைகளுக்குக் ‘கதி’ என்பது ஸ்பீட், ‘வேகம்’ என்பது வெலாசிட்டி, ‘ஆர்முடுகல்’ என்பது ஆக்சிலரேஷன். தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘வேகம்’ என்றால் ஸ்பீட், ‘திசைவேகம்’தான் வெலாசிட்டி, ‘முடுக்கம்’ ஆக்சிலரேஷன். இரவில் யூடியூபில் தமிழ்நாட்டு விளக்கம் பார்த்துவிட்டு வரும் பிள்ளை, ‘வேகம்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு கருத்தைத் தூக்கிக்கொண்டு வரும். முதல் வாரத்தில் மூன்று பத்தி அட்டவணை போடவையுங்கள்: ஆங்கிலச் சொல், பள்ளியில் படித்த தமிழ்ச்சொல், தன் சொந்த வார்த்தையில் ஒரு வரி. பாடத்துக்கு 12 சொல் போதும். நீங்களே அச்சடித்துக் கொடுத்தால் ஃபைலில் தூங்கும்.

கேள்வி: வினாத்தாளில் கே1 (நினைவிலிருந்து சொல்வது), கே2 (புரிந்து சொல்வது) என்று நிலை போடச் சொல்கிறார்கள். ‘விளக்குக’ என்றால் கே2 என்று போட்டுவிடுகிறோம். சரிதானா? சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளை எப்படித் தரமாக்குவது?
— தேர்வுக் குழு உறுப்பினர், திருச்சிராப்பள்ளி

வினைச்சொல்லை வைத்து நிலை போடுவது, அட்டையைப் பார்த்து மருந்து கொடுக்கிற மாதிரி. ‘பகுப்பாய்க’ என்று கேட்டாலும், அந்தப் பகுப்பாய்வை நீங்களே நோட்ஸாகச் சொல்லி எழுதவைத்திருந்தால் அது கே1-தான். மாணவர் முன்பு பார்த்திராத சூழல் கேள்வியில் இருக்கிறதா? இருந்தால் மட்டும் மேல்நிலை.

கொள்குறி வினாவுக்கு நான்கு விடைகள் கட்டாயமில்லை. நல்லதாக மூன்றே போதும் என்று ரோட்ரிகஸ் 2005-ல் எண்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். நான்காவது பெரும்பாலும் யாரும் தொடாத இட்டுநிரப்பல். தவறான விடைகளைக் கற்பனையில் தேடாதீர்கள், விடைத்தாள்களில் தேடுங்கள். ‘நன்றாகக் கொதிக்கும் நீரில் எழும் குமிழுக்குள் இருப்பது என்ன?’ என்று எழுதிக் கேட்டுப் பாருங்கள். காற்று என்பார்கள், ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் என்பார்கள். சரியான விடையான நீராவியோடு இந்த இரண்டையும் வையுங்கள், கேள்வி தயார். ‘மேற்கண்ட அனைத்தும்’ வேண்டாம். இரண்டு சரி என்று தெரிந்தாலே மூன்றாவதைப் படிக்காமல் போட்டுவிடலாம். சரியான விடை மட்டும் நீளமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். கவனமாக எழுதுகிறோம் என்று அதை நீட்டிவிடுகிறோம். விவரமான மாணவர் நீளத்தைப் பார்த்தே அடிப்பார்.

தேர்வு முடிந்ததும் ஒரு கணக்கு. 60 பேர் எழுதியிருந்தால் மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே 16 பேர், கீழே 16 பேர் தாளைப் பிரியுங்கள் (இரு முனையிலும் 27 சதவீதம்). ஒரு கேள்விக்கு மேல்குழுவில் 14 பேர், கீழ்குழுவில் 6 பேர் சரி என்று வைத்துக்கொள்வோம். 20-ஐ 32-ஆல் வகுத்தால் 0.63, கேள்வி நடுத்தரம். 14-லிருந்து 6-ஐக் கழித்து 16-ஆல் வகுத்தால் 0.5, தெரிந்தவரையும் தெரியாதவரையும் நன்றாகப் பிரிக்கிறது. இந்த இரண்டாவது எண் 0.2-க்குக் கீழே என்றால் கேள்வியைத் திருத்துங்கள். எதிர்மறையாக வந்தால், அதாவது கீழே இருப்பவர்கள் அதிகம் சரியாகப் போட்டிருந்தால், முதலில் உங்கள் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் தப்பு.

கேள்வி: இதெல்லாம் அறிவியல் பாடத்துக்குத்தானே? சங்கப் பாட்டுக்கு விரல் காட்டச் சொல்வதா?
— தமிழ்த்துறை, தஞ்சாவூர்

காட்டச் சொல்லலாம், ரசனைக்குக் கேடு வராது. ஓர் அகப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திணை, துறை, ‘இன்னார் இன்னாருக்குச் சொன்னது’ என்ற குறிப்பு எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் பாட்டை மட்டும் தாளில் கொடுங்கள். தாளின் அடியில் நாலைந்து சொற்பொருள் இருக்கட்டும். கேள்வி இரண்டே: பேசுவது தலைவியா, தோழியா, தலைவனா, செவிலியா? எந்தச் சொல் அதைக் காட்டுகிறது? இரண்டாவதற்குப் பாட்டில் அடிக்கோடு போட வேண்டும். விரல் காட்டி, விவாதித்து, மறுபடி காட்டியபின் துறைக்குறிப்பைத் திறந்து வாசியுங்கள். உரையாசிரியர்களே மாறுபடும் பாட்டாக இருந்தால் இன்னும் நல்லது. பதவுரையை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்கள் பாட்டைப் படிக்கவே மாட்டார்கள், உங்கள் உரையைத்தான் படிப்பார்கள்.

கேள்வி: குழு அசைன்மென்ட் கொடுத்தால் ஒருவர் செய்கிறார், ஐந்து பேர் பெயர் போடுகிறார்கள்.
— வணிக நிர்வாகத் துறை, சென்னை

வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவதால் வரும் வினை. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் 1970-களின் கடைசியில் லாரி மைக்கேல்சனின் வகுப்பு 40-லிருந்து 120 பேர் ஆனது. அவர் கண்டுபிடித்த வழி: குழுவேலை முழுவதும் வகுப்புக்குள்ளேயே.

ஐந்திலிருந்து ஏழு பேர், குழுவை நீங்களே பிரிக்க வேண்டும், செமஸ்டர் முழுக்க மாற்றக்கூடாது. பாடப்பகுதியைப் படித்து வந்ததும் பத்துக் கேள்வித் தேர்வைத் தனியாக எழுதுவார்கள். தாளை வாங்கியதும் அதே பத்துக் கேள்வியைக் குழுவாகப் பேசி எழுதுவார்கள். இரண்டு மதிப்பெண்ணும் சேரும். படிக்காமல் வந்தவர் முதல் தாளிலேயே மாட்டுவார். குழுவும் சும்மா விடாது. பிறகு எல்லாக் குழுவுக்கும் ஒரே சிக்கல், ஒரே முடிவுக் கேள்வி: ‘இந்தக் கடைக்கு அடுத்த கிளை அ, ஆ, இ மூன்றில் எங்கே?’ எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்க வேண்டும். ‘அறிக்கை தயார் செய்க’ என்று கேட்டீர்களானால் பகுதி பகுதியாகப் பங்கு போட்டு, கடைசியில் ஒருவர் ஒட்டித் தருவார். ஒரே முடிவைக் கேட்டால் பங்கு போட வழியில்லை.

கேள்வி: இன்டர்னல் தாளைத் திருப்பிக் கொடுத்தால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். நான் எழுதிய குறிப்புகளைப் படிப்பதே இல்லை.
— உதவிப் பேராசிரியை, நாகர்கோவில்

மதிப்பெண் தெரிந்தபின் குறிப்பை யார் படிப்பார்கள்? குறிப்பு மட்டும் எழுதிய தாளைத் திங்கட்கிழமை கொடுங்கள், மதிப்பெண்ணைப் புதன்கிழமை அறிவியுங்கள். ஒரு தாளுக்கு இரண்டு குறிப்புக்கு மேல் வேண்டாம். ‘தெளிவில்லை’ என்று எழுதாதீர்கள்; அடுத்த முறை கையால் செய்யக்கூடியதாக எழுதுங்கள்: ‘சமன்பாட்டுக்கு முன்னால் படம் வரைந்து விசைகளைக் குறி.’

தாளோடு ஓர் அரைப்பக்கத் துண்டுத்தாளும் கொடுங்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மார்ஷா லவட் பரப்பிய பழக்கம் இது. மூன்று கேள்விகள்: எத்தனை மணிநேரம், எப்படிப் படித்தாய் (மறுபடி படித்தது எவ்வளவு, பார்க்காமல் எழுதிப் பார்த்தது எவ்வளவு)? மதிப்பெண் போனது எதில் (கருத்து புரியாமல், கேள்வியைத் தப்பாகப் படித்து, கணக்குப் பிழை, நேரம் போதாமல்)? அடுத்த தேர்வுக்கு எதை மாற்றப்போகிறாய்? வகுப்பிலேயே எட்டு நிமிடத்தில் எழுதி வாங்கி உங்கள் மேசையில் பூட்டி வையுங்கள். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் உங்களுக்குப் பிடித்த பதில்தான் வரும்.

அடுத்த இன்டர்னலுக்குப் பத்து நாள் முன்னால் அதை அவரவரிடம் திருப்பிக் கொடுங்கள். முதல் நாள் கொடுத்துப் பயனில்லை, மாற்றிக்கொள்ள நாள் இருக்காது.